தோற்றவர் அனுப்ப வேண்டிய மெசேஜ்

"டி-ஷர்ட்ல மட்டுந்தானுங்களா... இல்ல, பாட்டும் கேப்பீங்களா?"

உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ் கிளம்பக் காத்திருந்தது. வெளியே சடசடவென்று மழை. ஆல்வின் நிமிர்ந்தான். முன் சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்தவளின் இமையில்கூட ஒரு துளி... அந்தக் கண்களில்தான் எத்தனை குறும்பு! அவன் மார்பில் பீட்டில்ஸ் இசைக்குழுவின் நால்வரும் நனைந்து ஒட்டியிருந்தார்கள்.

"கேக்காமயா? இன்னைக்குப் பாட்டுனு இருக்கற எல்லாத்துக்கும் இவங்கதானுங்க அஸ்திவாரம்."

"அய்ய! ஸ்டேடியத்தையே பாட வெச்சது குயீன் பேண்டுங்க."

"அதுக்கு முந்தியே ஸ்டேடியத்துல பாடுனது யாருங்க அம்மணி?"

"பாடுனாங்க சரி... கூட்டம் கத்துன கத்துல ஒண்ணுமே கேக்கலியாமா!"

"ஏனுங்க, டிக்கெட் எடுத்துப்போட்டுச் சண்டை போடுங்க" என்றார் கண்டக்டர்.

கிணத்துக்கடவு வருவதற்குள் பேர் தெரிந்துவிட்டது, நித்யஸ்ரீ. நம்பரும் கைமாறிவிட்டது. இறங்கும்போது ஒரு நிபந்தனை போட்டாள். "இந்தச் சண்டைல தோத்தவங்கதான் மொதல்ல மெசேஜ் பண்ணோணும்."

"அப்ப நானில்லீங்க!"

"பாக்கலாம்..."

மறுநாளே ஆல்வினுக்குக் குயீன் பிடித்துவிட்டது. அவள் சொன்னதாலேயே பிடித்ததோ என்னவோ! 'ஒத்துக்கறேனுங்க' என்று டைப் அடிப்பான்... அழிப்பான். அவளே பண்ணட்டுமே! பாழாய்ப்போன வீம்பு. அடுத்த மழைக்காலமே வந்துவிட்டது.

அதே பஸ். அதே முன் சீட். திரும்பிய அவள் கண்களில் குறும்பைத்தான் காணோம். தன் இயர்போனில் ஒன்றை நீட்டினாள். காதில் வைத்தான்... பீட்டில்ஸ்!

"எப்ப இருந்துங்க?"

"அன்னைக்கு ஊடு போய்ச் சேந்ததுல இருந்துங்க."

"நானும் எப்பவோ குயீனுக்கு மாறிட்டேனுங்க..." இனியும் எதற்கு வீம்பு? "உங்களப் புடிச்சிருக்குங்க. அன்னைக்கே புடிச்சுப்போச்சு."

அவள் கண் நிறைந்தது. "எனக்குந்தானுங்க... ஆனா போன புதன்கெழம உப்புச்சக்கரை மாத்தியாச்சு."

ஆல்வினுக்குத் தெரியும். தாலி பிறகுதான் என்றாலும், இரண்டு வீட்டாரும் உப்பும் சர்க்கரையும் மாற்றிக்கொண்டால் அவர்கள் சனத்தில் அது கொடுத்த வாக்கு.

"புதன்கெழம பூரா போனையே பாத்துட்டிருந்தேனுங்க. ஒரு வார்த்தை வந்திருந்தா அப்பாகூடச் சண்டை போட்டிருப்பேன். நீங்க என்ன நெனைக்கறீங்கன்னே தெரியாம, யாருக்காகங்க சண்டை போடறது?"

"நீங்க பண்ணியிருக்கலாமல்லங்க..."

"பண்ணியிருக்கலாமுங்க." முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "எனக்கும் வீம்புதானுங்களே."

கிணத்துக்கடவு வந்தது. இயர்போனை வாங்கிக்கொண்டு இறங்கினாள். திரும்பிப் பார்க்கவில்லை. பஸ் நகர்ந்த பிறகு அவன் போன் சிணுங்கியது. அவளிடமிருந்து வந்த முதல் மெசேஜ்.

'தோத்துட்டேனுங்க.'

'நானுந்தானுங்க' என்று அடித்தான் ஆல்வின். இந்த முறை அழிக்கவில்லை.