கூப்பிட்டதும் வந்தவள்

"அம்மா! நான் இங்க! இங்க இருக்கேன்மா!"

வதனா கத்திக்கொண்டே ஓடினாள். முன்னால் சிவப்புக் கார் நகர்ந்துகொண்டிருந்தது. மழை கொட்டியதில் பின் கண்ணாடி வெளுத்துக் கிடந்தாலும் உள்ளே இரண்டு தலைகள் தெரிந்தன. இடது பக்கம் அம்மாவின் கொண்டை. வலது பக்கம், ஸ்டியரிங்குக்குப் பின்னால், ஒற்றைப் பின்னல்.

வதனாவுக்கும் ஒற்றைப் பின்னல்தான்.

கதவின் கைப்பிடி ஒரு கணம் விரலுக்கு எட்டியது. வழுக்கியது. செருப்பின் வார் அறுந்து, முழங்கால் தாரில் உரசி விழுந்தாள். எழுந்தபோது, காருக்குள் தொங்கும் சின்னக் கண்ணாடியில் ஓட்டுகிறவளின் கண்கள் தெரிந்தன. அவை வதனாவைத்தான் பார்த்தன.

அவை வதனாவின் கண்கள்.

காரின் இடது பக்கத்துக்கு ஓடி அம்மாவின் கண்ணாடியில் தட்டியிருக்கலாம். அது அப்போது தோன்றவில்லை. கார் அடுத்த கியருக்கு மாறியது.

இந்த வளைவை அவளுக்கு நன்றாகத் தெரியும். மாத்தளையிலிருந்து யட்டவத்தைக்குப் போகும் ரோட்டில், றப்பர் தோட்டம் முடிகிற இடம். இரண்டு வருஷத்துக்கு முன்னால், எண்பத்தொன்பதில், பதினேழு வயதில் அவள் காரைக் கொண்டுபோய் மோதியது இங்கேதான்.

அன்றைக்கு அப்பாவின் பழைய மொரிஸ் மைனரில் 'எல்' போர்டைக் கட்டி, அம்மாவின் தம்பி செல்வரத்தினம் மாமாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட்டிப் பழகினாள். நெடுநாள் காய்ந்த ரோட்டில் முதல் மழை. றப்பர் இலைகள் தாரோடு ஒட்டிக் கிடந்தன. வளைவுக்குள் நுழைந்த பிறகுதான் வேகம் கூடிவிட்டது என்று பட்டது. பயத்தில் பிரேக்கை ஏறி மிதித்தாள். சில்லுகள் சுற்றாமல் நின்றன. கார் நிற்கவில்லை. சவர்க்காரத் துண்டு மாதிரிச் சறுக்கி, அரை வட்டம் சுற்றி, பலா மரத்தில் போய் அடித்தது. மாமாவுக்கு மணிக்கட்டு முறிந்தது. வதனாவுக்கு நெற்றியில் தையல். லொறிக்காரர்கள் வந்து கூட்டிப்போகும் வரைக்கும் அவள் மழையில் நனைந்தபடி காரையே பார்த்துக்கொண்டு நின்றாளாம்.

"புள்ள ரொம்பப் பயந்திருக்கு. கூட்டிட்டு வரணும்" என்றாள் அம்மா சுசீலாதேவி.

அது அம்மாவின் குடும்பத்து வழக்கம். ஒருவர் பயந்து விழுந்த இடத்தில் அவருடைய உயிரில் கொஞ்சம் நின்றுவிடும். மூன்றாம் நாள் பெற்றவள் தனியாகப் போய், மஞ்சள் தண்ணீர் தெளித்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வீட்டுக்கு அழைத்து வரவேண்டும். பயந்தவர் அதுவரை வீட்டில் பாயில் படுத்திருக்க வேண்டும். வருவது உடம்பைத் தேடிச் சேர்ந்துகொள்ளும்.

ஆனால் அந்த வாரம் நாட்டில் கலவரம், ஊரடங்கு. ரோடுகளில் டயர் எரிந்தது. டயருக்குள் என்ன எரிகிறது என்று யாரும் கிட்டப் போய்ப் பார்க்கவில்லை. அம்மாவால் யட்டவத்தை ரோட்டை எட்டிப் பார்க்கக்கூட முடியவில்லை. இழுத்து வந்து கொட்டிலில் நிறுத்தியிருந்த மொரிஸுக்குப் பக்கத்தில் நின்று கூப்பிட்டாள். "காருக்குள்ளதானே பயந்தா. காரு இங்கதானே நிக்குது" என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள்.

மொரிஸ் ஒட்டுப்போட்டு ஓடத் தொடங்கியதும், அதே ரோட்டில், மழை பெய்கிற ஞாயிறுகளாகப் பார்த்து ஓட்டம் நடந்தது. அந்த மோதலை மனதுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துக் கால் எங்கே பிழைத்தது என்று கண்டுபிடித்தாயிற்று. ரோடு நேராக இருக்கும்போதே பிரேக்கைத் தொட்டு விட்டுவிட வேண்டும். வளைவுக்குள் போன பிறகு கால் பிரேக் பக்கம் போகவே கூடாது. சறுக்கினால் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டக் கூடாது. அண்ணன் லெட்சுமணன் பக்கத்தில் உட்கார்ந்து கொட்டாவி விடுவான்.

"அங்க பாரு, மாட்டு வண்டி நம்மள முந்திட்டுப் போகுது. மாட்டுக்காரன் கை காட்டுறான்டி."

"நீ இறங்கி அதுல ஏறிப் போ அண்ணே."

மாமாவிடம் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. இரண்டே கதவு. தரையோடு படுத்த மாதிரி உயரம். மெதுவாக மிதித்தாலே முதுகை சீட்டோடு அறையும். கனடாவுக்குப் போகுமுன் மாமா அதைத் தனக்குத்தான் தருவார் என்று நம்பி லெட்சுமணன் ஒரு வருஷமாக அவருடைய சப்பாத்தைக்கூடத் துடைத்துக் கொடுத்தான். சாவி வதனாவின் கைக்குப் போனது.

"அடிபடாதவன் கையில இந்தக் காரக் குடுக்க எனக்குப் பயமா இருக்குடா. அவ ஒருக்கா அடிபட்டுப் படிச்சிட்டா" என்றார் மாமா.

"அப்ப நானும் எங்கயாவது போய் மோதிட்டு வாறேன் மாமா. எந்த மரம்னு மட்டும் சொல்லுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். லெட்சுமணன் சிரிக்கவில்லை. அவன் முகம் சுண்டிப் போனதைப் பார்த்து வதனாவுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்.

மாமா போன அடுத்த வாரம் அது தொடங்கியது.

காலையில் கார்க் கதவைத் திறந்தால் ஓட்டுகிறவரின் சீட் மட்டும் ஈரமாக இருக்கும். கொட்டிலுக்குக் கூரை உண்டு, ஒழுக்கு இல்லை. சீட்டைப் பிழிந்தால் அழுகிய இலை வாசம் வரும். பிறகு ஸ்டியரிங்கில் சேற்று விரல்கள் பதியத் தொடங்கின. ஒரு நாள் உக்குவளைக்குப் போகும் வழியில் மழை பிடித்துக்கொள்ள, அவளுடைய கைகளுக்கு மேல் இன்னும் இரண்டு கைகள் ஏறி உட்கார்ந்த மாதிரி குளிர்ந்தது.

காதோரம் மூச்சு.

"எழும்பு."

அவ்வளவுதான். ஒரே சொல். கோபமாகக்கூட இல்லை. பஸ்ஸில் தன் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தால் கேட்பது போல.

வதனா லெட்சுமணனிடம் பாய்ந்தாள். "பொறாமைல என்னென்ன வேல செய்யிற! சீட்ல தண்ணி ஊத்துறது நீதானே?"

"உனக்கு என்ன பைத்தியமா? உன் காரத் தொட்டா என் கை அழுகிப் போகட்டும். எனக்கு அது வேணும்னா உன்னத் தள்ளிட்டு எடுத்துட்டுப் போவேன். தண்ணி ஊத்திக்கிட்டு நிக்க மாட்டேன்."

அவன் சொன்னது உண்மை என்று அவளுக்குத் தெரிந்தது. அதுதான் பயமாக இருந்தது.

மறுநாள் காரின் பின்பக்கம் ஒரு 'எல்' போர்ட் கட்டியிருந்தது. தகரம் துருவேறி, ஓரம் நசுங்கி, சேறு பூசியிருந்தது. மொரிஸ் மோதிய அன்று ரோட்டோரத்தில் தொலைந்து போன அதே போர்ட்.

அம்மா அதைப் பார்த்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"உன்ன நான் முழுசாக் கூட்டிட்டு வரலடி" என்றாள். "மிச்சம் அங்கயே நிக்குது. நீ புதுக் கார்ல போறதப் பாத்துக்கிட்டு நிக்குது."

அன்றைக்கே போய்விட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். பஸ் வேலைநிறுத்தம். அப்பா வேலைக்குப் போயிருந்தார். லெட்சுமணனைக் கேட்டதற்கு, "மகாராணியோட காரு. மகாராணியே ஓட்டட்டும்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டான்.

"நீ வீட்ல பாயில கிடக்கணும்டி. அங்க வரவே கூடாது" என்று அம்மா தயங்கினாள்.

"நான் இறங்காம காருக்குள்ளயே இருக்கேன்மா."

"நான் கூப்பிடுறப்போ வாயத் திறக்கக் கூடாது. யாரு பதில் சொன்னாலும் நீ சொல்லக் கூடாது. கேட்டுச்சா?"

போனார்கள். பிற்பகல் மூன்று மணிக்கே மலைப்பக்கம் கருத்துக் கிடந்தது. வளைவுக்கு வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. கார் மாத்தளைப் பக்கம் திரும்பி நின்றது. அம்மா குடையும் செம்புமாக இறங்கி, பலா மரத்தடியில் போய் நின்று மஞ்சள் தண்ணீரைத் தெளித்தாள். வதனா கண்ணாடியை ஏற்றிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

"வதனா, வா. வீட்டுக்குப் போவோம்."

றப்பர் மரங்களுக்குள் ஒரு சத்தமும் இல்லை.

"என்னப் பெத்த மகளே, நனைஞ்சது போதும். வாம்மா."

"வாறேன்ம்மா."

பதில் வந்தது மரத்துக்குப் பின்னாலிருந்து. குரல் வதனாவுடையது. பதினேழு வயதில் அவளுக்கு இருந்த மெல்லிய, கொஞ்சுகிற குரல்.

அம்மாவின் முகம் மலர்ந்தது. கண்ணாடியில் வழிந்த தண்ணீருக்கு ஊடாகவும் அது தெரிந்தது. அம்மா அப்படி ஒரு சிரிப்பை வதனாவைப் பார்த்துச் சிரித்து எவ்வளவோ நாளாகிவிட்டது. அம்மா இரண்டு கையையும் நீட்டினாள். நனைந்த ஒற்றைப் பின்னல் ஒன்று அந்தக் கைகளுக்குள் போய்ச் சாய்ந்தது.

வதனாவுக்குப் பயம் வரவில்லை. வயிறு பற்றி எரிந்தது.

என்னுடைய அம்மா.

கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள். "அம்மா! அது நானில்ல! நான் இங்க இருக்கேன்!"

அம்மா திரும்பினாள். வதனாவின் பக்கம்தான் திரும்பினாள். ஆனால் கண்கள் அவள்மேல் நிற்காமல் றப்பர் மரங்களுக்குப் போயின. சேலைத் தலைப்பை உதறிக்கொண்டு, வதனாவின் தோளை உரசியபடி நடந்து, காரில் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

"வந்துட்டா. திரும்பிப் பாக்காம எடு மகள்" என்று அம்மா சொல்வது கேட்டது.

ஓட்டுகிறவரின் சீட் அதற்குள் நிரம்பியிருந்தது.

வதனா ஓடினாள். கத்தினாள். விழுந்து எழுந்தாள்.

இப்போது கார் இறக்கத்தில் போய்க்கொண்டிருந்தது. அடுத்த வளைவு இதைவிட மோசம். ஒரு பக்கம் மதகு, மறு பக்கம் வெறும் பள்ளம். அங்கே இலைகள் இன்னும் அடர்த்தியாகக் கிடக்கும். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இங்கேயே நின்றுபோனவளுக்கு அந்த ஞாயிறுகள் இல்லை. அவளுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, பயந்தால் ஏறி மிதிப்பது. கையில் இருப்பதோ மொரிஸ் அல்ல, அந்தச் சிவப்புப் பிசாசு.

அம்மா அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"வளைவுக்குள்ள மிதிக்காத! காரு உனக்கே இருக்கட்டும்! எடுத்துக்க! பிரேக்க மட்டும் மிதிக்காத! அம்மா இருக்காங்கடி!"

மழை அந்தச் சத்தத்தை விழுங்கியது.

கார் வளைவை நெருங்கியது.

வதனா முகத்தைப் பொத்திக்கொள்ளப் போனாள். முடியவில்லை.

ரோடு நேராக இருக்கும்போதே, வளைவுக்கு நல்ல தூரம் முன்னால், பின் விளக்குகள் சிவந்தன. உடனே அணைந்தன. வேகம் குறைந்த கார் வளைவுக்குள் அலுங்காமல் நுழைந்தது. ஒரு சில்லுகூட வழுக்கவில்லை. மதகைத் தாண்டியதும் எஞ்சின் சத்தம் நிதானமாக உயர்ந்து, மாத்தளைப் பக்கம் போய் மறைந்தது.

அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

வதனா மூச்சை விட்டாள். விட்ட பிறகுதான் அந்த எரிச்சல் திரும்பி வந்தது. உலர்ந்த வீடு, அம்மாவின் கை, சுடச்சுடத் தேத்தண்ணி, சாவி, எல்லாம் அவளுக்கு. இந்த எரிச்சல் இன்றைக்குப் பிறந்த மாதிரி இல்லை. பலா மரத்தடியில் நின்று நின்று வேர் விட்ட மாதிரி இருந்தது.

மழை பெய்த அந்த ஞாயிறுகளை நினைத்துப் பார்த்தாள். மொரிஸ் வளைவுக்கு முன்னால் வேகம் குறைப்பது நினைவுக்கு வந்தது. லெட்சுமணன் கொட்டாவி விடுவதும், மாட்டுக்காரன் கை காட்டுவதும் வந்தன. ஆனால் எல்லாம் வெளியிலிருந்துதான் தெரிந்தன, ரோட்டோரத்தில் நின்று பார்த்த மாதிரி. கார் வரும். மெதுவாகும். அவளைக் கடந்து போய்விடும். பிரேக் எவ்வளவு இறங்கும் என்று காலைக் கேட்டுப் பார்த்தாள். காலுக்குத் தெரியவில்லை.

வெயில் அடித்த ஒரு நாளையாவது நினைக்கப் பார்த்தாள். நினைவில் மழை மட்டுமே பெய்தது.

தையல் இருக்கவேண்டிய நெற்றியிலிருந்து சூடாக ஏதோ வழிந்து கண்ணுக்குள் இறங்கியது.

அப்படியானால், இந்த இரண்டு வருஷமும் மழையில் ஓட்டிப் பழகியது யாருடைய கால்?