தொழுகைப் பாயைப் பார்க்காத கேமரா

மலேசியாவின் மூவாரில் இருந்த பழைய வீட்டுக்கு நிலோபர் கேமராவோடு வந்த அன்று, அத்தா ஜெகபர் சாதிக் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

"என்னைய வேவு பார்க்க வந்திருக்கியா?"

"நீங்க விழுந்தா என் போன்ல சத்தம் வரும்த்தா. அம்மாவுக்கு நடந்தது உங்களுக்கும் நடக்கக் கூடாது."

போன வருஷம் அம்மா சம்சாத் பேகம் சமையலறை வாசலில் வழுக்கி விழுந்தார். அத்தா சந்தையிலிருந்து திரும்பியபோது உயிர் இல்லை.

கேமரா ஆளைக் கண்டால் அவர்மேல் பச்சைக் கோடுகளால் தலை, முதுகு, கைகால் என்று ஓர் உருவம் வரையும். ஆள் தரையில் சாய்ந்தால் கோடுகள் சிவக்கும். நிலோபரின் போன் அலறும்.

கெட்டிக்காரக் கருவிதான். ஆனால் அதற்குத் தொழுகை தெரியாது. அத்தா சஜ்தாவில் நெற்றியைத் தரையில் வைக்கும்போதெல்லாம் 'விழுந்துவிட்டார்' என்று அலறியது. சிங்கப்பூர் அலுவலகத்தில் நிலோபருக்கு மானம் போயிற்று. பொறுக்க முடியாமல், தொழுகைப் பாய் விரிக்கும் மூலையைச் சுற்றிப் போன் திரையில் கட்டம் போட்டு, அந்த இடத்தைக் கேமரா பார்க்காதபடி செய்துவிட்டாள். திரையில் அந்த மூலை கறுப்பானது. அப்பாடா என்றிருந்தது.

ஒரு மாலை, சிங்கப்பூரிலிருந்து ஸ்கூடாயில் இருக்கும் தன் வீட்டுக்குத் திரும்பும் வழியில், ஜொகூர் பாலத்தில் பேருந்து நகராமல் நின்றது. போன் அலறியது.

விழுந்துவிட்டார்.

படத்தைத் திறந்தாள். கூடத்தில் யாருமில்லை. சமையலறை வாசலில், வெறும் தரைமேல், சிவப்புக் கோடுகள் கிடந்தன.

உடம்பு இல்லை.

"அலமாக், இது வேறயா?" என்று முனகிக்கொண்டே சத்தத்தை நிறுத்தினாள்.

மறுபடி அலறியது.

அந்த உருவம் நகர்ந்திருந்தது. எழ முடியாமல் முழங்கையை ஊன்றி ஊர்ந்தது. கறுப்பு மூலையை நோக்கித்தான் வந்தது. அன்று அம்மாவும் இப்படித்தான் ஊர்ந்து பார்த்திருப்பாரோ?

கோட்டுக் கை நீண்டு கறுப்புக்குள் மறைந்தது.

நிலோபர் அந்த மூலையை மறைத்திருந்த கட்டத்தை நீக்கினாள்.

அத்தா பாயில் ஒருக்களித்துக் கிடந்தார். தொப்பி தள்ளிப் போயிருந்தது. உதடு மட்டும் அசைந்தது.

"அத்தா! நான்தான், நிலோபர்!" கேமரா வழியே கத்தினாள்.

அவர் கேமரா பக்கம் பார்க்கவில்லை. தன் பக்கத்தில் எதையோ பார்த்துக் கிசுகிசுத்தார்.

"வந்துட்டியா சம்சாத்து?"

பக்கத்து வீட்டு மனோகரனைப் போனில் பிடித்தாள். "அண்ணே, அத்தா விழுந்துட்டாரு, ஓடுங்கண்ணே!"

"நீ கத்துனது கேட்டு வாசல்லதாம்மா நிக்கிறேன். கிரில் கதவை உள்ள பூட்டிட்டாரு லா. உடைக்க ஆள் கூப்பிடுறேன்."

கிரில் குலுங்கும் சத்தம் அவளுக்குக் கேட்டது. பேருந்து அசையவில்லை. அவளால் பார்க்க மட்டும்தான் முடிந்தது. சிவப்புக் கை அத்தாவின் தலைமேல் இருந்தது. உதடு அசைவது நின்றுபோனது. நிலோபர் வாய்விட்டு அழுதாள். பக்கத்து இருக்கைப் பெண் என்ன ஏது என்று கேட்காமல் டிஷ்யூ நீட்டினாள்.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள், எல்லோரும் போனபின், அதே மூலையில் அத்தாவின் பாயை விரித்து அஸர் தொழுதாள். சஜ்தாவுக்குப் போனதும் போன் அலறியது. அலறத்தானே செய்யும், கட்டத்தை அவளே நீக்கியிருந்தாள்.

தொழுது முடித்து, உட்கார்ந்தபடியே போனை எடுத்தாள்.

மூன்று பேர் விழுந்துவிட்டார்கள்.

திரையில் அவள் உருவம் பச்சையாகியிருந்தது. அவளுக்கு இரு பக்கமும் கிடந்த சிவப்புக் கோடுகள் இன்னும் எழுந்திருக்கவில்லை.