இரண்டாவது கட்டில்

ஏழாவது வீட்டில்தான் எங்களுக்கு இடம் கிடைத்தது. இரண்டு ஆண்கள் சேர்ந்து குடியிருக்க ஒரு வீடா என்று ஆறு பேர் முகத்தைச் சுளித்துக் கதவைச் சாத்தினார்கள். அதன்பிறகு ஆறு வருடக் காதலை மூட்டைகட்டி வைத்துவிட்டு, நான் பெரியப்பா மகனாகவும் அவன் சித்தப்பா மகனாகவும் ஆனோம். நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்பவன். அவன் எக்ஸ்ரே எடுப்பவன். பொய் சொல்வதில் இருவருமே கத்துக்குட்டிகள்.

"இது என் பையன் இருந்த ரூம். இப்ப அவன் இல்ல" என்று மாடியின் இரண்டாவது அறையைக் காட்டினார் வீட்டுக்காரர். ஊரில் இல்லையா, உலகத்திலேயே இல்லையா என்று நாங்கள் கேட்கவில்லை. ஒப்பந்தத்தில் எங்கள் அப்பாக்களின் போன் எண்களையும் எழுதி வாங்கிக்கொண்டார்.

அந்த அறையில் யாரும் படுப்பதில்லை. ஆனால் பெருக்க வரும் அக்காவுக்கும், நினைத்தபோதெல்லாம் மாடியேறி வரும் வீட்டுக்காரருக்கும் சந்தேகம் வரக்கூடாதே! தினமும் எழுந்ததும் நான் அங்கே போய் விரிப்பைக் கசக்கி, தலையணையில் குழி விழ அமுக்கிவிட்டு வருவேன்.

மூன்றாவது வாரம் ஒரு காலை, எனக்கு முன்பே விரிப்பு கசங்கியிருந்தது.

"நீயா பண்ணின?"

"நான் இப்பதான் எழுந்திரிக்கிறேன்" என்றான் அவன்.

தலையணையைத் தொட்டேன். ஈரமாக, வெதுவெதுப்பாக இருந்தது.

அன்று முதல் எனக்கு அந்த வேலை மிச்சம். பயமாகத்தான் இருந்தது. ஆனால் காலி செய்துவிட்டு எங்கே போவது? எட்டாவது வீடு தேட எங்களுக்குத் தெம்பில்லை.

ஒரு விடுமுறை நாள், ஒன்பது மணிவரை தூங்கிவிட்டோம். மணியடித்தது. கதவைத் திறந்தால் வீட்டுக்காரர். கீழே தண்ணீர் ஒழுகுகிறதாம்.

"தம்பி எங்க?"

"அவன் ரூம்ல தூங்குறான் சார்." வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவன் தூங்கிக்கொண்டிருந்தது என் கட்டிலில்.

அவர் நேரே போய் இரண்டாவது அறைக் கதவைத் தள்ளினார். தொலைந்தோம் என்று நினைத்தேன்.

உள்ளே, சுவர்ப் பக்கம் திரும்பி, தலையோடு போர்த்திக்கொண்டு யாரோ படுத்திருந்தார்கள்.

போர்வை மூச்சுக்கு ஏறி இறங்கியது.

"சரி, தூங்கட்டும்" என்று அவர் திரும்பினார்.

அப்போதுதான் என் அறையிலிருந்து அவன் வந்தான், என் சட்டையைப் போட்டுக்கொண்டு, கண்ணைக் கசக்கியபடி. "யாருடா வந்திருக்கா?"

வீட்டுக்காரர் அவனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு மெல்லத் திரும்பிக் கட்டிலைப் பார்த்தார். போர்வை தட்டையாகக் கிடந்தது.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"என் பையனையும் இதே ரூம்லதான் வெச்சேன். பதினோரு நாள். திருந்துவான்னு பாத்தேன்." சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். "உங்க அப்பாங்களுக்குப் போன் போடுறேன். அவங்க வர்ற வரைக்கும் இங்கயே இருங்க."

வெளியே போய் வாசல் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் விழுந்தது. பூட்டும் விழுந்தது. செருப்புச் சத்தம் படியிறங்கிப் போனது.

நான் கதவை இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. போன் கையில்தான் இருந்தது. யாரைக் கூப்பிட்டு என்னவென்று சொல்வது? அவன் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அந்த அறைக்குள்ளிருந்து மிக மெல்லிய குரல் கேட்டது.

"அப்பா பூட்டிட்டாரா?"