பதினேழாம் மனையின் வளையம்

இருபது மீட்டர் என்றுதான் ஹுமேரா கொடுத்திருந்தாள். வரைபடத்தில் வளையம் அதைத் தாண்டிக் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சரவணம்பட்டியில் மூன்றாவது மாடியில் இருந்த அந்தச் சின்ன மேப்பிங் ஆபீசில் அவளைத் தவிர ஆளில்லை. ஏ.சி.யின் முனகலும், சத்தி ரோட்டு பஸ் ஹாரன்கள் கண்ணாடியில் மோதி மழுங்கி வருவதும், யாரோ வெள்ளிக்கிழமை மறந்துவிட்டுப் போன டிபன் பாக்ஸின் புளித்த வாடையும்தான் துணை.

திரையில் அவள் கட்டிய மாடல், பெட்டிகளும் அம்புக்குறிகளுமாக விரிந்திருந்தது. முதல் பெட்டியில் விற்பனைக்கு வந்த ஒரு லே-அவுட்டின் மனைகள். அடுத்ததில் கிணறுகள். கிணற்றுப் பெட்டியிலிருந்து அம்புக்குறி போகும் பெட்டிக்கு ஒரே வேலை: ஒவ்வொரு கிணற்றையும் சுற்றி வளையம் போடுவது. கடைசிப் பெட்டி, வளையத்தில் சிக்கும் மனைகளுக்குச் சிவப்பும் மிச்சத்துக்குப் பச்சையும் அடிக்கும். பச்சை என்றால் தாராளமாக வீடு கட்டலாம்.

அளவைத் திறந்து பார்த்தாள். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் மீட்டருக்குப் பதில் டிகிரி என்று கொடுத்து, ஒரே கிணற்றுக்கு முக்கால் இந்தியாவையே வளைத்துப் போடுவார்கள். இவள் அந்தத் தப்பைச் செய்யவில்லை. மீட்டர்தான். இருபதுதான். மற்ற கிணறுகளின் வளையங்களெல்லாம் சரியாக இருந்தன. பதினேழாம் மனைக் கிணற்றின் வளையம் மட்டும் பிதுங்கி நின்றது.

அது மண் கொட்டி மூடிய கிணறு. அளக்கப் போனபோது, மண்ணுக்கு நடுவே நீட்டிக்கொண்டிருந்த பைப்பை அடையாளம் வைத்துத்தான் அவள் புள்ளி குறித்தாள். இந்தப் பக்கம் கிணற்றை மூடினால் ஒரு பைப் நட்டுவிடுவார்கள். கிணறு மூச்சு விட வேண்டுமாம். நம்புகிறவர்களும் நடுவார்கள், நம்பாதவர்களும் நடுவார்கள்.

போன் அடித்தது. தீபக். ஆபீசுக்கும் அவன்தான் முதலாளி, அந்த லே-அவுட்டுக்கும் அவன்தான் பங்குதாரர்.

“என்ன ஹுமேரா, மேப் ரெடியா? மனை பாக்க வேன்ல வந்த பார்ட்டிங்க எல்லாம் சாமியானாவுல உக்காந்துட்டாங்க.”

“பதினேழு வராதுங்க சார். அதைச் சுத்தி இருக்கற மனையும் வராது. மூடுன கெணறு.”

“அந்தக் கெணத்துப் பெட்டியத் தூக்கிப்போட்டு ரன் பண்ணும்மா. டெலிட் பட்டன் எதுக்கு இருக்குது, கொசு அடிக்கவா?”

“உள்ள மண்ணு இன்னும் எறங்கிட்டே இருக்குதுங்க சார். அது மேல ஊடு கட்டுனா குடும்பத்தோட உள்ள போயிருவாங்க.”

“கெணறே இல்லைங்கறேன். காலைலயே பைப்ப அறுத்து, சிமெண்ட் வெச்சு அடைச்சுப்போட்டோம். இப்ப பந்தலே அது மேலதான் நிக்குது.”

அவள் திரையைப் பார்த்தாள். வளையம் இன்னும் பெருத்திருந்தது. ரன் பட்டனை அவள் தொடவே இல்லை.

சரி, பார்த்துவிடுவோம் என்று போனை வைத்துவிட்டு, கிணற்றுப் பெட்டியிலிருந்து போன அம்புக்குறியைப் பிடுங்கி எறிந்தாள். கிணறே இல்லாமல் வளையம் எங்கிருந்து வரும்?

வந்தது. பெருத்தது. நின்றது. மெல்லச் சுருங்கியது. கம்ப்யூட்டர் விசிறியிலிருந்து வெயிலையே பார்க்காத சேற்றின் வாடை குளிர்ந்து வந்து முகத்தில் படிந்தது. ஏ.சி.யை அணைத்தாள். முனகல் நிற்கவில்லை. அது ஏ.சி.யின் முனகலே இல்லை. வளையம் விரியும்போது தன் நெஞ்சும் விரிவதை அப்போதுதான் கவனித்தாள். அது சுருங்கினால் இதுவும் சுருங்கியது. அது நின்றபோது அவளுக்கு மூச்சு வரவில்லை.

மேஜையை ஓங்கிக் குத்தினாள். வலுக்கட்டாயமாக மூச்சை இழுத்தாள்.

“நீ சொல்ற நேரத்துக்கு நான் மூச்சு விட முடியாது,” என்றாள் திரையிடம், சத்தமாகவே.

அம்புக்குறியை மறுபடி மாட்டினாள். ரன் கொடுத்தாள். பதினேழும் அக்கம்பக்கமும் சிவப்பாக வந்த மேப்பை, மனை வாங்க வந்தவர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குரூப்பிலேயே போட்டாள். அடுத்து, மேஜைமேல் இருந்த ஆபீஸ் செல்போனில் வேன் டிரைவர் ரங்கராஜுக்கு அடித்தாள்.

“ரங்கராஜண்ணா, ஹுமேரா பேசறேன். பந்தல்ல இருக்கற எல்லாரையும் வண்டில ஏத்துங்க. இப்பவே.”

“ஏனுங்க அம்மணி, இப்பத்தான் பிரியாணி அண்டாவத் தொறந்தாங்க. எந்திரிங்கன்னா என்னையத் தாளிச்சுப்போடுவாங்க.”

“அண்டாவ மொதல்ல ஏத்துங்கண்ணா. சனம் பின்னாலயே வரும்.”

அவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

“அம்மணி… செருப்புக்கடியில தரை கதகதன்னு இருக்குதுங்க. மாட்டுமேல நிக்கறாப்புல.” “ஏத்திப்போடறேனுங்க.”

வைத்ததும் அவள் போனில் தீபக்.

“யாரக் கேட்டு குரூப்ல போட்ட? சோத்தோட எந்திரிச்சு ஓடறாங்க! நாளைலருந்து ஆபீஸ் பக்கம் வராத.”

“வரலீங்க சார். ஆனா அந்தப் பெட்டியை எடுக்க மாட்டேன். நீங்களும் வெளிய வந்துருங்க. கெஞ்சிக் கேக்கறேன்.”

“நடுப்பந்தல்ல சேர் போட்டு உக்காந்திருக்கேன் பாரு. உன் கெணறு வந்து என்னையத் தூக்கிட்டுப் போகட்டும்.”

வளையம் சுருங்கத் தொடங்கியது. சின்னதாக. இன்னும் சின்னதாக. புள்ளியாக.

புள்ளி அப்படியே நின்றது.

போனில் ஒரு சத்தம். மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம். நீளமாக. ஒரு மனுஷ நெஞ்சு கொள்ளாத நீளம்.

“சார்?”

லைன் அறுபடவில்லை.

ஆபீஸ் செல்போனில் வீடியோ கால். ரங்கராஜ். வேன் ஜன்னல், நெருக்கியடித்த முகங்கள், அழும் குழந்தை ஒன்று.

“சனமெல்லாம் பத்திரமா இருக்குதுங்க அம்மணி. சேர் அங்கயேதான் கெடக்குதுங்க. சாரத்தான் காணோம். எந்தப் பக்கமும் போவலீங்க, நான் பாத்துட்டேதான் இருந்தேன்.” அவர் குரல் இறங்கியது. “நீங்களே பாருங்க.”

கேமரா திரும்பியது.

வெட்டவெளி. உச்சி வெயில். வேலியோரத் தென்னைகளில் ஒரு கீற்று அசையவில்லை. பந்தலைச் சுற்றிலும் தொங்கிய குஞ்சங்கள் நேராக, ஆடாமல் தொங்கின.

ஹுமேரா கண்ணை மூடவில்லை.

காலியான பிளாஸ்டிக் சேருக்கு மேலே, பந்தல் துணி மட்டும் மெதுவாகக் குழிந்தது. நின்றது. உப்பியது.