வெற்றுக்குழி

பத்து நாள் லீவு முடிந்து காலை எட்டு மணிக்கு ஆய்வுக்கூடத்தைத் திறந்தபோது எல்லாம் வழக்கம் போலத்தான் இருந்தது. மூலையில் ஃப்ரீசர் உறுமிக்கொண்டிருந்தது. ஸ்பிரிட் வாடை. ஜன்னல் வழியே மேஜை மேல் நல்ல வெயில். பயப்பட ஒரு காரணமும் இல்லை.

எங்கள் ஆராய்ச்சியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இரும்பு துருப்பிடிப்பது போல உடம்பின் செல்களும் துருப்பிடிக்கின்றன. துரு எவ்வளவு, எதிர்ப்புச் சக்தி எவ்வளவு என்பதை ரத்தம் காட்டிக்கொடுத்துவிடும். நோயாளிகள் நாற்பது பேர், ஆரோக்கியமானவர்கள் நாற்பது பேர். இரண்டையும் ஒப்பிட்டு நான் எழுதிய கட்டுரை வெளிவந்தால் எனக்கு டாக்டர் பட்டம். ஆய்விதழ்க்காரர்கள் ஒரே ஒரு சோதனையை மறுபடி செய்து அனுப்பச் சொல்லியிருந்தார்கள்.

கையகல பிளாஸ்டிக் தட்டு. அதில் தொண்ணூற்றாறு சின்னக் குழிகள். குழிக்கு ஒருவருடைய சீரம், மேலே மருந்து. சூடாக்கினால் துருவுக்கு ஏற்றபடி இளஞ்சிவப்பு ஏறும். முதல் குழியில் மட்டும் யாருடைய ரத்தமும் கிடையாது, தண்ணீரும் மருந்தும்தான். அது நிறம் மாறாது. எங்கள் பேச்சில் அது வெற்றுக்குழி.

சூடாக்கி, தட்டை வெளியே எடுத்தேன்.

வெற்றுக்குழி சிவந்திருந்தது.

டெக்னீஷியன் எட்டிப் பார்த்தார். பதினைந்து வருட சர்வீஸ். எதற்கும் அசராத மனிதர். லீவு போட்டுவிட்டு வந்தால் கை இப்படித்தான் மறந்து போகும், மாற்றி ஊற்றியிருப்பீர்கள் என்று சிரித்தார். புதுத் தட்டு எடுத்து அவரே ஊற்றினார்.

மறுபடியும் சிவப்பு. முதல் முறையைவிடக் கொஞ்சம் கூடுதலாக.

இரண்டு தட்டையும், நிறத்தை எண்ணாகக் காட்டும் மெஷினில் வைத்தோம். இரண்டாவதின் வெற்றுக்குழியில் பதினாறு. முதலாவதில் பதினான்கு புள்ளி ஆறு. அந்த எண் எனக்குத் தெரியும். ஆரோக்கியமானவர்களுக்கு மூன்று, மிஞ்சினால் நான்குதான் வரும். பதினான்கு புள்ளி ஆறு ஒரே ஒருவருக்குத்தான் வந்தது. எட்டு மாதத்துக்கு முன்பு அந்த எண்ணை அழித்தவள் நான்.

மாடி துடைக்கும் அக்காவுக்கு நாங்கள் வைத்த பெயர் இன்ஸ்பெக்டர். ஈரத் தரையில் செருப்போடு வந்தால் பேராசிரியரையே வாசலில் நிறுத்திவிடுவார். ஆரோக்கியமானவர்கள் பட்டியலில் ஓர் ஆள் குறைந்தபோது அவரைப் பிடித்து உட்கார வைத்தேன். "பார்த்துக் குத்தும்மா. சிந்தினா நான்தான் துடைக்கணும்" என்றார்.

துரு நாலு மடங்கு. வெள்ளை அணுக்கள் பத்து மடங்கு. ரத்தப் புற்றாக இருக்குமோ என்று யாருக்கும் சந்தேகம் வரும். எனக்கும் வந்தது. ஆனால் அந்த ஒரு புள்ளி என் வரைபடம் முழுவதையும் கவிழ்த்துவிடும். பதிவேட்டில் "மாதிரி கெட்டுவிட்டது, நீக்கப்பட்டது" என்று எழுதி, வேறொருவர் ரத்தத்தை எடுத்தேன். அக்காவிடம் திங்கட்கிழமை பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

திங்கட்கிழமை அவரே வந்தார். முழங்கையில் நீலம் பாரித்திருந்தது. வாளி இடித்திருக்கும் என்றார். பிறகு, "ரத்தம் எப்படிம்மா இருக்கு? ஒரே அசதியா இருக்கே" என்று கேட்டார்.

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சொன்னால், பதிவேட்டில் எழுதியது பொய் என்று ஆகிவிடும்.

"நல்லா இருக்குக்கா."

அதற்குப் பிறகு நாலே மாதம்தான் இருந்தார்.

அவர் கணவர் இதே கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டுகிறவர். சாவுக்குப் பிறகு, ஏறுகிற எல்லோரிடமும் ஒரே விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அவள் கேட்டாளாம். மாடியில் இருக்கிற படித்தவர்களே நல்லா இருக்குன்னு சொல்லிட்டாங்க, உனக்கு வேலை செய்யத்தான் வலிக்குது என்று இவர் திட்டி அனுப்பினாராம். என் வாயாலேயே அவளைக் கொன்னுட்டேன் என்பார். அந்தப் பாரத்தை இறக்கிவைக்கக்கூடியவள் உலகத்திலேயே நான் ஒருத்திதான். இறக்கினால் என் பட்டம் போய்விடும். அதனால் நான் படியேறிப் போகப் பழகிக்கொண்டேன்.

மூன்றாவது தட்டில் மருந்தே ஊற்றவில்லை. சூடாக்கவும் இல்லை. தொண்ணூற்றாறு குழியிலும் வெறும் தண்ணீர். வெயில் விழுந்த மேஜையில் வைத்துவிட்டு இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஃப்ரீசரின் உறுமல் அடங்கியது போல இருந்தது. எங்கிருந்தோ ஈரத் துணியின் வாடை வந்தது. வெளியே வராந்தாவில் வாளி இழுபடும் சத்தம். இழுத்து, நின்று, இளைப்பாறி, மறுபடி இழுக்கும் சத்தம்.

கதவைத் திறந்து பார்த்தேன்.

யாரும் இல்லை. வராந்தா முழுக்க ஈரம். அதில் ஒரு காலடித் தடம்கூட இல்லை.

திரும்பியபோது டெக்னீஷியன் சுவரோடு ஒட்டி நின்றிருந்தார்.

"தண்ணிக்கு ஏது மேடம் ரத்தம்?" என்று கிசுகிசுத்தார்.

முதல் குழி சிவந்திருந்தது. மெஷின் இருபத்தொன்று என்றது.

ஏறிக்கொண்டே போனது. செத்தவருக்கு நோய் இன்னும் முற்றிக்கொண்டிருந்தது.

பேராசிரியரிடம் ஓடினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஊற்றியதில் பிழை என்று எழுதி முடித்துவிடச் சொன்னார்; பேய்க் கதைக்கு யாரும் டாக்டர் பட்டம் தரமாட்டார்கள் என்றும் சொன்னார். அன்று மதியமே, நான் செய்ததை ஒன்றுவிடாமல் எழுதி ஆராய்ச்சி முறைகேடுகளை விசாரிக்கும் குழுவுக்கு அனுப்பினேன்.

அடுத்த வாரம் காலை பதினொரு மணிக்கு நாலாவது மாடியில் விசாரணை. நீள மேஜைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர். இந்தப் பக்கம் நானும், லிஃப்ட் சீருடையில் அக்காவின் கணவரும். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர். எதற்காகத் தன்னை அழைத்தார்கள் என்றே அவருக்குத் தெரியவில்லை. சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

என்னைப் பேசச் சொன்னார்கள். நான் குழுவின் பக்கம் பார்க்கவில்லை. அவர் பக்கம் திரும்பினேன்.

"அண்ணே, நீங்க கொல்லல. அக்கா ரத்தம் கெட்டிருந்தது எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் நல்லா இருக்குன்னு சொன்னேன்."

திட்டுவார் என்று நினைத்தேன். அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன்.

அவர் பித்தானை விட்டுவிட்டார். நிமிரவில்லை. தன் முன்னால் இருந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நானும் பார்த்தேன்.

தண்ணீர் மெல்லச் சிவந்துகொண்டிருந்தது.

குழுவின் தலைவர் காகிதங்களைப் புரட்டிக்கொண்டே அடுத்த கேள்விக்குப் போனார். மேஜைக்கு அந்தப் பக்கம் யாரும் எதையும் பார்த்ததாகத் தெரியவில்லை. கணவரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார்கள்.  அவர் எழுந்து, டம்ளரை இரண்டு கையாலும் ஏந்தி, ஒரு சொட்டு சிந்தாமல் வெளியே நடந்தார்.

நான் பின்னாலேயே ஓடினேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

துப்புரவு ஆட்கள் லிஃப்டில் ஏறக்கூடாது என்று எங்கள் கட்டடத்தில் ஒரு விதி. பத்து வருடமாக அந்த விதியைக் காத்தவர் அவர்தான். தண்ணீர் வாளியோடு மனைவி படியேறுவார். பக்கத்திலேயே இவருடைய லிஃப்ட் காலியாக மேலே போகும்.

லிஃப்ட் கதவை முழங்கையால் தள்ளித் திறந்து உள்ளே போனார். அவர் கால் வைத்ததும் பழைய லிஃப்ட் ஒருமுறை தாழ்ந்து நின்றது.

அவர் கதவை மூடவில்லை. தோளால் அதைப் பிடித்துக்கொண்டு வராந்தாவைப் பார்த்தார். நான் நின்ற இடத்தை அல்ல, எனக்குப் பக்கத்தில்.

"ஏறு," என்றார் மெதுவாக. "யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

லிஃப்ட் இன்னொரு முறை தாழ்ந்தது.