பதினாறு புள்ளி மனிதர்

“செத்துப்போன என் வீட்டுக்காரர் நடக்கிற படம் ஒண்ணு இருக்கு சார். ஆனா அது அவரு இல்ல,” என்றாள் அந்தப் பெண், உட்காருவதற்கு முன்பே.

துப்பறியும் நிதானம் நாற்காலியை இழுத்துப் போட்டார். எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார். பக்கத்தில் இருந்த மைத்துனருக்கோ இருப்புக் கொள்ளவில்லை.

“பேயா அத்தான்?”

ஐம்பது வயது ஆள் கேட்கிற கேள்வியைப் பாருங்கள்!

அவள் விஷயத்தைச் சொன்னாள். கணவர் விசேஷங்களுக்கு வீடியோ எடுப்பவர். ஊரையே படம் பிடித்த மனுஷனை யாரும் ஒரு நிமிஷம்கூடப் படம் பிடித்து வைக்கவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் திடீரென்று போய்விட்டார். அப்போது மகள் வயிற்றில்.

“இப்ப அவ கேக்குறா, அப்பா எப்படி நடப்பாருன்னு. நடந்து காட்டிப் பாக்குறேன், எனக்கு வரல சார்.”

அவர் இருந்தபோது தொடை எலும்பு உடைந்து தேறியிருக்கிறார். அப்போது நடை ஆய்வு மையத்தில் இடுப்பிலும் காலிலும் பதினாறு குட்டி உருண்டைகளை ஒட்டி நடக்கவிட்டுப் பதிவு செய்தார்கள். அதைக் கேட்டுப் போயிருக்கிறாள். இன்று காலை பதினேழாம் எண் பதிவைக் காட்டினார்கள். அவர் இல்லை என்றாள். ‘அப்படின்னா யாரோ ஒருத்தரோட பதிவை உங்ககிட்ட குடுக்க முடியாதும்மா’ என்று கையை விரித்துவிட்டார்கள். பதிவுகளை வைத்திருக்கும் ஐந்து வருஷக் கெடு இன்றோடு முடிகிறது. மாலை ஐந்து மணிக்கு எல்லாவற்றையும் அழித்துவிடுவார்கள்.

“ஆள் மாறிப்போச்சுன்னு நினைக்கிறீங்களா?”

“அப்படியும் சொல்ல முடியல. அவரை நல்லாத் தெரிஞ்ச யாரோ அவரை மாதிரி நடந்து காட்டுற மாதிரி இருக்கு.” பையிலிருந்து ஒரு ஜோடி செருப்பை எடுத்தாள். “மோப்ப நாய்க்கு இதெல்லாம் காட்டுவாங்களே... உதவுமான்னு எடுத்துட்டு வந்தேன்.”

மைத்துனர் சிரிக்க வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார். நிதானம் செருப்பைத் திருப்பிப் பார்த்தார். வலது செருப்பின் குதிகால், வெளிப்பக்கம் மட்டும் நன்றாகத் தேய்ந்திருந்தது.

மையத்தை அடையும்போது மணி மூன்று. நீளமான அறை, நடுவில் நடைபாதை, சுவரைச் சுற்றிப் பத்து கேமராக்கள். தலைமை மருத்துவர் அலுப்போடு வரவேற்றார்.

“பதினாறு புள்ளியில முகமா தெரியும் சார்? இந்தம்மாவுக்குத் துக்கம். இருந்தாலும் தப்பு நடந்திருக்கு, ஒத்துக்கிறேன். கோப்புல வலது தொடை உடைஞ்சதுன்னு இருக்கு. படத்துல இழுக்குறது இடது கால். உருண்டை ஒட்டுற அம்மா ஆளை மாத்திப் பதிஞ்சிருக்காங்க.”

ஒட்டுகிற அம்மாவை மையத்தில் ‘குண்டுமணி’ என்பார்கள். ஆள் ஒல்லி, ஒட்டுவதுதான் மணி. “நான் மாத்தல சார்,” என்றார் அவர். இதையே காலையிலிருந்து சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டியிருந்தது.

கம்ப்யூட்டர்காரர் படத்தை ஓட்டினார். கறுப்புத் திரையில் பதினாறு வெள்ளைப் புள்ளிகள். எழுத்தில்லை, எண்ணில்லை. நிற்கும்போது, சிந்திய அரிசி போலத்தான் கிடந்தன. நகர்ந்ததுதான் தாமதம், அங்கே ஒரு ஆள் வந்துவிட்டார்! இடுப்பு அசைந்தது, முட்டி மடங்கியது, குதிகால் தரையைத் தொட்டது. இடது கால் லேசாக வெளியே வீசியது. நடுவில் எலும்புமில்லை, தோலுமில்லை. ஆனாலும் ஒரு மனிதர் நடந்தார்.

“அடேங்கப்பா,” என்றார் மைத்துனர், குரல் இறங்கிப்போய்.

நிதானம் திரைக்கு அருகே போய்ப் பார்த்தார். பிறகு, “ஒட்டுறதுக்கு முன்னாடி ஆளை அளப்பீங்களா?” என்று கேட்டார்.

“இடுப்பு எலும்பு ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவுன்னு அளப்போம். முட்டி அகலம், கணுக்கால் அகலமும் உண்டு,” என்று குண்டுமணி தாளை நீட்டினார். வீடியோக்காரரின் இடுப்பு அளவு, இருபத்து நாலு சென்டிமீட்டர் ஏழு மில்லிமீட்டர். திரையில் அளந்தால் அதே இருபத்து நாலு, ஏழு. அவரோடு பதிவான நாற்பது பேரில் வேறு யாருக்கும் அந்த அளவு இல்லை.

“அப்ப உடம்பு அவரோடது, நடை அவரோடது இல்லையா?” மைத்துனர் தலையைச் சொறிந்தார். “மண்டை காயுது அத்தான்.”

“நீ கொஞ்சம் பேன்ட்டை மடிச்சு விடு. அம்மா, இவனுக்கு ஒட்டிக் காட்டுங்க.”

குண்டுமணி அவரை நிற்க வைத்தார். உட்கார்ந்தபடி ஒட்டினால் எழும்போது தோல் எலும்பின் மேல் நழுவிவிடுமாம். விரலால் இடுப்பில் தடவினார். முன்னால் துருத்தும் முனை இரண்டு, பின்னால் சின்னப் பள்ளம் இரண்டு. முட்டியை மடக்கி நீட்டச் சொல்லி, அசையாத இடத்தைப் பிடித்தார். கணுக்காலில் எலும்பு மிகவும் புடைத்த இடம். அந்த விரல்கள் கண்ணில்லாமலே உள்ளே பார்த்தன. மைத்துனர் கூச்சத்தில் நெளிந்தவர், கொஞ்ச நேரத்தில் தன் காலையே புதிதாகப் பார்க்கிறவர் போல அசையாமல் நின்றார்.

“தொடையில மட்டும் ரெண்டும் ஒரே உயரத்துல இல்லையே?” என்றார் நிதானம்.

“வேணும்னேதான் சார். ரெண்டு காலும் அச்சு அசலா இருந்தா மெஷின் இடது வலது தெரியாம முழிக்கும். அதனால இடது தொடையில நாலு விரல் கீழ ஒட்டுவேன். பதினாலு வருஷமா ஒரே முறைதான்.”

நிதானம் பதினேழை மறுபடி ஓட்டச் சொன்னார். பிறகு மூன்றை, இருபத்தெட்டை, முப்பத்தொன்றை என்று ஒவ்வொன்றாக நாற்பது பதிவையும். ஒட்டி முடித்ததும் எடுத்துவைத்த புகைப்படங்களையும் கேட்டு வாங்கினார். அதற்குள் மணி நாலரை ஆகிவிட்டது. அந்தப் பெண் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எல்லாரும் உட்காருங்க,” என்றார் நிதானம். “செருப்பு, வலது கால்னு சொல்லுது. கோப்பும் அதேதான். படம் மட்டும் இடதுன்னு சொல்லுது. அளவு பொய் சொல்லாது, அது அவர் உடம்புதான். அப்ப மிச்சம் என்ன? தொடைப் புள்ளியைப் பாருங்க. புகைப்படத்துல நாற்பது பேருக்கும் கீழ இருக்கறது இடது தொடையில. திரையில நாற்பது பேருக்கும் வலது தொடையில. ஒரு கை ஒரு நாள் தப்பு பண்ணலாம். நாற்பது தடவை சரியா ஒட்டி, நாற்பது தடவையும் மாறிப்போகுமா? தப்பு இந்தம்மா கையில இல்ல, காட்டுற திரையில இருக்கு. நீங்க பாத்தது கண்ணாடியில தெரியிற மாதிரி திரும்பின உருவம்.” கம்ப்யூட்டர்காரரைப் பார்த்தார். “இந்தப் பதிவெல்லாம் இந்த மெஷினுக்கு எப்ப வந்துச்சு?”

“போன மாசம்...” அவர் முகம் வெளுத்தது. “பழைய மெஷின்ல பக்கவாட்டைக் கணக்கு பண்ற திசை வேற. ஐயோ! ஒரே ஒரு கழித்தல் குறி சார். போட மறந்துட்டேன்.”

“நாற்பது பேருக்குமா?” என்றார் தலைமை மருத்துவர்.

“நாற்பது பேருக்கும்தான். எல்லா நிபுணரும் ஒரு மாசமா அதைப் பாத்திருக்கோம்,” என்றார் குண்டுமணி. அவர் கண் கலங்கியிருந்தது. “ஒருத்தர்கூடக் கண்டுபிடிக்கல. இந்தப் பொண்ணு மூணு எட்டுல கண்டுபிடிச்சிருச்சு.”

நிதானம் அந்தப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தார். வலதா இடதா என்றெல்லாம் அவள் யோசிக்கவே இல்லை. பதினாறு புள்ளிகளில், திரும்பிக் கிடந்த தன் மனிதரை அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

கம்ப்யூட்டர்காரர் அந்தக் குறியைப் போட்டார். திரை இருண்டு, புள்ளிகள் மறுபடி வந்தன. நின்றன. பிறகு நடந்தன.

முதல் எட்டு. இரண்டாவது எட்டு.

அந்தப் பெண் எழுந்து நின்றாள். “வந்துட்டாரு,” என்றாள், வாசலில் யாரோ நுழைந்ததுபோல.

மைத்துனர் பேன்ட்டை மடித்தபடியே எழுந்தார். குண்டுமணி எழுந்தார், நிதானம் எழுந்தார். பதினாறு புள்ளிகளும் நடைபாதையின் பாதிக்கு வந்திருந்தபோது, தலைமை மருத்துவரும் நாற்காலியை மெதுவாகப் பின்னுக்குத் தள்ளி எழுந்து நின்றார்.