மூன்று முறை ஊதிய சங்கு

தினமும் காலை ஆறரைக்கு, ஓட்ஸ் கஞ்சி ஆறுவதற்குள், அம்மா என்னிடம் ஏழு கேள்விகள் கேட்பாள். நான் இடது மணிக்கட்டில் வளையத்தை மாட்டிக்கொண்டு பதில் சொல்வேன். ஏழுக்கும் சரியான விடை எனக்கு மனப்பாடம்.

“சங்கு எத்தன தடவ ஊதிச்சு?”

“மூணு.”

வளையத்தில் சிவப்பு எரியும். அம்மா குனிந்து அதிலுள்ள எண்ணைப் படிப்பாள். “இருபத்தெட்டு” என்பாள். பிறகு அடுத்த கேள்வி.

வளையத்துக்கு ஏற்புமானி என்று பெயர். பல்கலைக்கழகத்தில் எல்லோரும் மீட்டர் என்பார்கள். தோலின் உப்பு, நாடி, மூச்சு மூன்றையும் வைத்து, சொல்வதைச் சொல்பவரின் உடம்பு எந்த அளவு ஏற்கிறது என்று நூற்றுக்குக் கணக்கிடும். எழுபது வந்தால் பச்சை.

எந்தப் படிப்பு படித்தாலும் அமெரிக்க வரலாறும் அரசும் தேறினால்தான் பட்டம் என்பது இந்த மாநிலத்தில் பழைய சட்டம். முன்பெல்லாம் விடை எழுதினால் போதுமாம். மாணவர்கள் சரியாக எழுதிவிட்டு வெளியே வந்து சிரித்தார்கள். அதனால் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் சட்டத்தைத் திருத்தினார்கள். வரலாற்றை அறிந்தால் மட்டும் போதாது, ஏற்கவும் வேண்டும்.

நான் படித்தது மண் நுண்ணுயிரியல். கடல் வந்துபோன நிலத்தில் உப்பைத் தின்னும் பாக்டீரியாக்களை வளர்ப்பது. பாடங்கள் எல்லாம் முடிந்துவிட்டன. மண் மீட்பு நிலையம் ஒன்றில் வேலையும் தயாராக இருந்தது. பட்டச் சான்றிதழ் மட்டும் வேண்டும். வரலாற்றுத் தேர்வில் ஒன்பது பகுதிகள். சுதந்திரப் போர், அரசியலமைப்பு, அடிமை ஒழிப்பு என்று எட்டுப் பகுதிகளில் எனக்கு முதல் முறையே பச்சை. ஒன்பதாவது பகுதி கடற்சுவர் வெளியேற்றம். அதில் இரண்டு முறை தவறிவிட்டேன். மூன்றாவது முறையும் தவறினால் நான்கு ஆண்டுப் படிப்பு செல்லாது. மாணவர் குடியிருப்பில் எங்களுக்கிருந்த இந்த அறையும் போய்விடும்.

போர்ட் எலினோர் என்ற துறைமுக ஊரைக் கடலிலிருந்து காக்கச் சுவர் கட்டினார்கள். எனக்கு மூன்று வயதானபோது ஒரு பிற்பகலில் கடல் உயர்ந்தது. சுவரின் கதவுகளை மூடினார்கள். சுவருக்கு வெளியே இருநூற்றுப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். அப்பா பெர்க்மான்ஸ் அங்கேதான் நீரேற்று நிலையத்தில் பம்பு மெக்கானிக். அம்மாவும் நானும் சுவருக்கு உள்ளே, ஊரில் இருந்தோம். பாடநூல் இப்படிச் சொல்கிறது: எச்சரிக்கைச் சங்கு மூன்று முறை ஒலித்தது. வர விரும்பியவர்கள் வந்தார்கள். தங்க விரும்பியவர்கள் தங்கினார்கள்.

சங்கு ஊதவே இல்லை என்று அம்மா சொல்லித்தான் நான் வளர்ந்தேன். ஊதினால் எல்லோரும் ஒரே நேரத்தில் ஓடிவருவார்கள், கதவை மூட முடியாது என்று ஊதாமலே மூடினார்கள்.

இரண்டாம் முறை தவறிய அன்று கேன்டீனில் தோழி நிலோஃபர் எதிரே வந்து உட்கார்ந்தாள். அவளுடைய தாத்தாவின் தாத்தா காயல்பட்டினத்திலிருந்து வந்தவர். அவள் ஒன்பது பகுதிகளிலும் தொண்ணூறுக்கு மேல்.

“மூஞ்சியப் பாத்தா பயந்தாங்கொள்ளி. உடம்பு மட்டும் புரட்சி பண்ணுது” என்றாள். ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்துவிட்டு, அன்றைக்கு நடந்ததில் எனக்கு என்ன ஞாபகம் இருக்கிறது என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஒரு சத்தம்கூட இல்லை.

“அப்ப மீட்டர்ல மாட்டுறது உன் ஞாபகம் இல்ல, அமலி. உங்கம்மா குரல். அங்க மாத்து.”

அம்மாவிடம் கேட்பதற்கு எனக்கு நான்கு நாள் ஆயிற்று. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது அவள் முதுகைப் பார்த்துச் சொன்னேன். பாடநூலில் உள்ள கதையை அவள் வாயால், அப்பாவைப் பற்றி எப்போதும் சொல்வதுபோல, எனக்குச் சொல்ல வேண்டும் என்றேன். அம்மா திரும்பவில்லை. இரண்டு நாள் என்னோடு தேவைக்கு மேல் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் வளையத்தை அவளே எடுத்து வந்து என் கையில் மாட்டினாள்.

“தேர்வு முடிஞ்ச அன்னைக்கு நெசத்த ஒரு தடவ முழுசாச் சொல்லுவேன். நீ ஒக்காந்து கேக்கணும். சரியா?”

சரி என்றேன்.

முதல் நாள் அவள் பத்திரிகை வாசிப்பதுபோல் சொன்னாள். சங்கு ஊதிச்சு, மூணு தடவ ஊதிச்சு, வந்தவங்க வந்தாங்க. முப்பத்தொன்று. அம்மா எண்ணைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். இப்படிச் சொன்னால் எவள் நம்புவாள் என்றாள். உப்பில்லாத குழம்பை ருசி பார்த்தவள் போல இருந்தது அவள் முகம்.

மறுநாள் கதையில் பறவைகள் வந்தன. முதல் சங்குக்குத் தண்ணீர்த் தொட்டியின் மேலிருந்த கடற்காகங்கள் எல்லாம் ஒன்றாக எழும்பின என்றாள். நாற்பது. அதற்கடுத்த நாள் தெருமுனையில் ஒரு ரொட்டிக்கடை வந்தது. இரண்டாம் சங்குக்குக் கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வெளியே வந்து வானத்தைப் பார்த்தாராம். உள்ளே ரொட்டி கருகும் வாசனை வந்ததாம். நான் அவள் இடுப்பில் இருந்துகொண்டு காதைப் பொத்திக்கொண்டேனாம். நாற்பத்தொன்பது.

அம்மா நன்றாகக் கதை சொல்வாள் என்று எனக்கு அதுவரை தெரியாது. பத்தொன்பது ஆண்டுகளாக அவளிடம் ஒரே கதைதான் இருந்தது. அதில் எதையும் சேர்க்க அவள் துணிந்ததில்லை.

ஐம்பத்தைந்தில் எண் நின்றுவிட்டது. ஒரு வாரம் அசையவில்லை. தேர்வுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. அன்று அம்மா கஞ்சியை ஒதுக்கி வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள்.

“மூணாவது சங்கு ஊதுறப்ப ஒங்கப்பா போன் பண்ணுனாக. நான் சீக்கிரம் வாங்கன்னேன். ‘பம்ப விட்டுட்டு வர மனசில்ல ஜெசி. நான் இங்கயே இருக்கேன். நீ பிள்ளையக் கூட்டிட்டுப் போ’ன்னாக.”

அறுபத்துநான்கு.

அம்மா எழுந்து குளியலறைக்குப் போனாள். குழாய்த் தண்ணீர் ஓடும் சத்தம் வெகுநேரம் கேட்டது. அவள் வெளியே வந்தபோது நான் நன்றி சொன்னேன். ஆய்வகத்துக்கு நேரமாகிறது, கிளம்பு என்றாள்.

அன்று பேருந்தில் போகும்போது ஒரு கணக்குப் போட்டேன். எனக்கு எதையும் எண்ணால் பார்க்கும் வழக்கம். நீரேற்று நிலையத்திலிருந்து நான்காம் கதவு அறுநூறு மீட்டர். பாடநூலில் வரைபடம் இருக்கிறது. வேகமாக நடந்தால் ஆறு நிமிடம். முதல் சங்குக்கும் மூன்றாவது சங்குக்கும் இடையே இருபது நிமிடம். மூன்று முறை அவர் வந்திருக்கலாம். இடுப்பில் பிள்ளையோடு மனைவி நிற்கிறாள், இவருக்குப் பம்பை விட மனசில்லை. இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன். பையின் வாரை இறுக்கிப் பிடித்திருந்ததில் விரல்கள் வெளுத்திருந்தன.

மறுநாள் காலை எழுபத்தெட்டு. அம்மா பச்சை விளக்கைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

தேர்வு நூலகத்தின் அடித்தளத்தில் நடந்தது. தேர்வாளர் என் பெயரைத் தப்பாக உச்சரித்தார். நான் திருத்தவில்லை. எட்டுப் பகுதிகளை நாற்பது நிமிடத்தில் முடித்தேன். ஒன்பதாவதில் அவர் சற்று நிறுத்தி, என் பழைய மதிப்பெண்களைத் திரையில் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார். நான் விடை சொன்னேன். ரொட்டி கருகும் வாசனை வந்தது. எண்பத்தொன்று. அவர் எழுந்து நின்று என் கையைக் குலுக்கினார். வெளியே காத்திருந்த நிலோஃபர் என் தோளில் அடித்தாள்.

“இனி உன்ன டாக்டர்னு கூப்பிடணுமா?”

“அதுக்கு இன்னும் அஞ்சு வருஷம் இருக்கு.”

“அப்பவும் வரலாறு உண்டு. பத்தாவது பகுதி சேத்துருவாங்க, பாத்துக்க” என்று சொல்லிவிட்டுப் பேருந்துக்கு ஓடினாள்.

வீட்டில் அம்மா டின் மீனை உடைத்துப் புளிக்குழம்பு வைத்திருந்தாள். சாப்பிட்டோம். தட்டுகளைக் கழுவி வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, எனக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அந்த வேலைக்கென்றே வேறு சேலை மாற்றியிருந்தாள் என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

“சங்கே ஊதலட்டி” என்று ஆரம்பித்தாள். “மூணு மணிக்குக் கதவ எறக்கிட்டானுவ. எங்க யாருக்கும் தெரியாது. அவுக போன் பண்ணுனாக. ‘ஜெசி, நாங்க வெளிய நிக்கோம். கதவத் தொறக்கச் சொல்லு, தண்ணி முட்டுக்கு வந்துட்டு’ன்னாக. ஒன்ன இடுப்புல வச்சிக்கிட்டு ஓடுனேன். துப்பாக்கியோட நாலு பேரு நின்னானுவ. உள்ள பக்கம் நின்னா தட்டுற சத்தம் கேக்கு. கதவு பூரா கை. நான் அவுகள பேர் சொல்லிக் கூப்பிட்டேன். எந்தத் தட்டு அவுக தட்டுன்னு எனக்குத் தெரியல.”

நான் கேட்டுக்கொண்டிருந்தேன். சிறுவயதில் இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மூச்சு முட்டும். இப்போது அம்மாவின் நெற்றியில் ஒட்டியிருந்த முடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சொல்வதில் பறவைகள் இல்லை. வாசனை எதுவும் இல்லை. எது நடந்தது என்று யாராவது கேட்டால் இதுதான் என்று சரியாகச் சொல்வேன். ஆனால் அவள் பாவம், இத்தனை ஆண்டுகளாக அவரை விட்டுக்கொடுக்க முடியாமல் இப்படிச் சொல்லிச் சொல்லித் தன்னைத் தேற்றிக்கொள்கிறாள் என்ற எண்ணம் எனக்குள் வந்தது. வந்ததை என்னால் நிறுத்த முடியவில்லை.

அம்மா சொல்லி முடித்தாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, மிகவும் மெதுவாக, அவள் மனம் நோகாமல் இருக்க வேண்டுமே என்று நினைத்துத்தான் கேட்டேன்.

“அதெல்லாம் சரிம்மா. அப்பா ஏன் வரல?”

அம்மா என் கையிலிருந்து தன் கையை எடுத்துக்கொண்டாள். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிறகு முதலிலிருந்து மறுபடி சொல்ல ஆரம்பித்தாள். இம்முறை ஆங்கிலத்தில், தேதி, நேரம், கதவு எண் எல்லாம் சேர்த்து, நிறுத்தி நிறுத்தி, அதிகாரிகளிடம் சொல்வதுபோல.